வண்டி சூடாகும் வளைவு

அவர் ஓட்டிய ஜீப்பின் உள்கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற ஓட்டுநர்கள் அதைப் பின்னிருக்கை முழுவதும் தெரியும்படி சாய்த்து வைத்துக்கொள்வார்கள். எதற்காக அப்படி வைக்கிறார்கள் என்பது ஏறுகிற பெண்களுக்குத் தெரியும். இவர் அதை மேலே திருப்பிவிட்டிருந்தார். அதில் தெரிந்ததெல்லாம் தார்ப்பாயின் ஒட்டுத்தையல். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பார், இல்லையென்றால் தலையை வெளியே நீட்டுவார். மலைப்பாதை உச்சியில் இருக்கும் மெட்டுச் சோதனைச் சாவடியில் ஒருமுறை ஒரு போலீஸ்காரர் அதைத் தன் கையாலேயே நேராக்கி, கண்ணாடி வைத்திருப்பது எதற்கு என்று வைதார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாவடி மறைந்ததும் கண்ணாடி மறுபடி கூரைக்குப் போய்விட்டது.

நான் அப்போது கேரளத்துப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்தின் ஸ்டோரில் காய் எடை எழுதிக்கொண்டிருந்தேன். கம்பத்திலிருந்து மெட்டு ஏறித்தான் போக வேண்டும். காய் எடுக்கும் பெண்கள் கம்பத்திலும் சுற்று ஊர்களிலும் இருட்டோடு ஜீப்பில் ஏறி, பின்பக்கம் எதிரெதிர்ப் பலகைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வருவார்கள். எழுதுகிறவள் என்பதால் எனக்கு முன்னிருக்கை. என்னை ரைட்டரக்கா என்பார்கள். ஓட்டுநரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அச்சில் தன் பெயரைக் கண்டால் அந்த மனிதர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது.

அவ்வளவு கூச்சம். ஆண்களோடு சாதாரணமாகப் பேசுவார், டீக்கடையில் அரசியல்கூடப் பேசுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெண்கள் முன்னால் வாய் பூட்டிக்கொள்ளும். தெருமுனையில் மற்ற ஜீப்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள், பேர் சொல்லிக் கத்துவார்கள். இவர் முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். வீட்டுச் சுவரில் வெளிச்சம் விழுந்து எழுந்தால் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்பலகையில் கதவோரம் உட்காருகிறவர் பேச்சியம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத்திலேயே அதிக வருடம் வேலை பார்த்தவர், வாயும் அதிகம். ஓட்டுநரைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது விடியாது.

“ஏய்யா, ஒம் பொண்டாட்டி கழுத்துல தாலி கட்டயிலயாவது அவ மொகத்தப் பாத்தியா? இல்ல, அங்கனயும் லைட்டத்தேன் அணைச்சு அணைச்சுக் காட்டுனியா?”

ஜீப் முழுக்கச் சிரிப்பு. அவர் கழுத்து தோளுக்குள் இறங்கிவிடும். எதற்கும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு.

“வளைவு வருதுக்கா.”

கம்பம் கடைவீதியின் நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தாலும் அதேதான். வளைவு வருதுக்கா.

ஒருநாள் என் சேலைத் தலைப்பு கதவில் மாட்டி வெளியே தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அவர் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். இன்னொருவராக இருந்தால் “சேலையைப் பாருங்கக்கா” என்று சொல்லி முடித்திருப்பார். இவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் கதவைத் திறந்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனார். பின்னால் இருந்தவர்களிடம் கதவு சரியாக அடையவில்லை என்றுகூட அவர் சொல்லவில்லை. பொய் சொல்வதற்கும் பெண்களோடு பேசத்தானே வேண்டும்.

அந்த ஜீப்பின் எஞ்சின் மலையேறும்போது கொதிக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த விசிறி பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகமாகச் சுற்றும், எஞ்சின் திணறினால் அதுவும் திணறும். பெல்ட் பழையது. விசிறி இறக்கைகளின் நுனி மடங்கியிருந்தது. வண்டியில் ஏற்றக்கூடியதற்கு மேல் ஆள். பாதி மலை ஏறியதும் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பும். அங்கே ஒரு வளைவில் சாலை சற்று அகலம். ஓரத்தில் பாறையிலிருந்து தண்ணீர் வடியும். அதைத் தாண்டினால் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர், அதற்குப் பின்னால் இரண்டு பெரிய பாறைகள். மலைப்பாதையின் மற்ற இடங்களில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒதுங்குவதற்கு அதைவிட்டால் வேறு இடம் கிடையாது.

அங்கே அவர் நிறுத்துவார். பானட்டைத் தூக்கிவிட்டு அதற்குள் தலையை நுழைத்துக்கொள்வார். நாங்கள் இறங்கிப் புதருக்குப் பின்னால் போய் வருவோம். விடிவதற்கு முன்பே எழுந்து, சமைத்து, ஒரு வாய் காப்பி குடித்துக் கிளம்பி வந்தவர்கள். தோட்டத்தில் இறங்கியதும் கங்காணி பேர் கூப்பிடுவார், ஆளுக்கு ஒதுக்கிய செடி வரிசையில், நிறையில், கொண்டுபோய் நிறுத்துவார். அந்த வளைவுதான் எங்களுக்கு. ஆனால் யாரும் யாரையும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வண்டி சூடாகிவிட்டது, நிற்கிறது, நிற்கிற வண்டியில் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இறங்குகிறோம். அவ்வளவுதான். கடைசியாக ஏறுகிறவர் ஜீப்பின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். அதைக் கேட்ட பிறகே பானட் இறங்கும். ரேடியேட்டர் எப்போதோ ஆறிப்போயிருக்கும். சாரல் முதுகை நனைத்துக்கொண்டிருக்கும். தட்டும்வரை அவர் தலையை வெளியே எடுத்ததில்லை.

ஜீப்பின் முதலாளி கம்பத்தில் உரக்கடை வைத்திருந்தவர். வண்டி வழியில் நிற்காமல் போனால் காலையில் இன்னொரு நடை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார். பெல்ட் விசிறியை எடுத்துவிட்டு மின்விசிறி வைக்கச் சொல்லி வண்டியைப் பட்டறையில் விட்டார். பட்டறை எங்கள் தெருமுனையில்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பும்போது வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டயரைப் பார்க்கத் தொடங்கினார். நான் நின்று கேட்டதால் மெக்கானிக் எனக்கும் சேர்த்தே விளக்கினார். பெல்ட் விசிறி எஞ்சினின் பலத்தைத் தின்கிறது. மின்விசிறி பேட்டரியில் ஓடும். வண்டி நின்றாலும் ஏறினாலும் ஒரே காற்று. இனிமேல் மலையில் தண்ணீர் கேன் தூக்க வேண்டாம்.

“பெல்ட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்ணே” என்றார் இவர்.

“ஏன்?”

இவர் மறுபடி டயரைப் பார்க்கத் தொடங்கினார்.

“ஏலே, வண்டி கொதிக்கணும்னு ஏதும் நேந்துக்கிட்டியா?” என்று மெக்கானிக் சிரித்தார்.

பழைய இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் பெல்ட்டைத் திரும்ப மாட்டினார்கள். தண்ணீர்ப் பம்பும் டைனமோவும் சுற்ற அது வேண்டும். காயலான் கடையில் கிடந்த சின்னக் கார் ஒன்றின் மின்விசிறியை ரேடியேட்டரின் பின்னால் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார்கள். சூடானால் தானாக ஓடும்படி வைக்கலாம், அதற்கு ரேடியேட்டர் தொட்டியைத் துளைத்துப் பற்றவைக்க வேண்டும், ஓட்டை ரேடியேட்டர் தாங்காது என்றார் மெக்கானிக். ஆகவே ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே ஒரு சுவிட்ச். விசிறியைப் போட்டுவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தார். தாள் போய் ஒட்டிக்கொண்டது. காற்று சரியான பக்கம் இழுக்கிறது என்றார்.

மறுநாள் ஜீப் அந்த வளைவை நிற்காமல் கடந்தது.

எல்லோரும் புதரைத் திரும்பிப் பார்த்தோம். அடுத்த நாளும் நிற்கவில்லை. ஒவ்வொருவராகக் காலையில் காப்பியை விட்டார்கள். பிறகு தண்ணீரை. எனக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஏன் குடிப்பதில்லை என்று டாக்டரம்மா கேட்டார். மறந்துபோகிறது என்றேன்.

நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். வேறு ஓட்டுநராக இருந்தால் பேச்சியம்மாளே இரண்டாம் நாள் சொல்லியிருப்பார். இவரிடம் சொல்ல முடியவில்லை. அவ்வளவு கூசுகிற ஒருவரிடம் போய் அதைச் சொல்வது, கைநீட்டி அடிப்பதுபோல இருந்தது. அவரும் தானாக நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடப்பார். புதர்ப்பக்கம் திரும்பவே மாட்டார்.

ஒருநாள் மெட்டுக்கு மேலே சாலையில் ஏதோ லாரி பழுதாகி, நெடுநேரம் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், முன்னும் பின்னும் ஆண்கள் இறங்கி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மாள் கடைசியாக இறங்கினார். இறங்கி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தார். பலகையில் அவர் இருந்த இடம் ஈரமாக இருந்தது. நான் பார்த்தேன். ஓட்டுநரும் பார்த்தார்.

பின்னால் கிடந்த தண்ணீர் கேனை எடுத்தார் அவர். ஈரமான இடத்தில் மட்டும் ஊற்றவில்லை. இரண்டு பலகைகளிலும், தரையிலும், கதவிலும், கேன் காலியாகிறவரை ஊற்றினார். சாயங்காலம் திரும்பும்போது பலகை இன்னும் காயவில்லை. வண்டியைக் கழுவ நேரங்காலம் இல்லையா என்று பெண்கள் அவரை வைதார்கள். அவர் வண்டியை எடுத்தார். பேச்சியம்மாள் அன்று வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் காலை, அந்த வளைவுக்கு முன்னால் வருகிற செங்குத்தான ஏற்றத்தில், அவருடைய இடது கை கியரிலிருந்து எடுபட்டு முழங்காலுக்கு மேலே போனது. ஒரு சின்னச் சத்தம். விசிறியின் இரைச்சல் அடங்கியது. வெப்பம் காட்டும் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. அவர் முள்ளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். வளைவுக்கு வந்தபோது உண்மையாகவே ஆவி கிளம்பியது. ஓரங்கட்டினார். பானட்டைத் தூக்கினார்.

சும்மா நிறுத்திவிட்டுச் சூடாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லையும் அவரால் சொல்ல முடியாது. ஆகவே வண்டியை நிஜமாகவே சூடாக்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அப்படித்தான். கையைக் கவனித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கவனிக்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவும் பழகினேன். பேச்சியம்மாள் மறுபடி அவரைச் சீண்டத் தொடங்கினார். அவர் மறுபடி, வளைவு வருதுக்கா.

எஞ்சின் எத்தனை நாள் தாங்கும்? மெக்கானிக் விசிறியை ஒன்றுக்கு இரண்டுமுறை கழற்றிப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், தாள் பிடித்துக் காட்டினார். பழுது ஒன்றும் இல்லை. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் வளைவிலிருந்து கிளம்பிய வண்டி கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்து, தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டதாம். கயிறு கட்டிக் கீழே இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை ஜீப் ஸ்டாண்டில், வேறு வண்டியில் ஏறுவதற்காகக் காத்திருந்தோம். முதலாளி வந்திருந்தார். மெக்கானிக்கும் வந்திருந்தார். மற்ற ஓட்டுநர்கள் டீ கிளாசோடு சுற்றி நின்றார்கள். இவர் நடுவில் நின்றார்.

விசிறி நன்றாக ஓடுகிறது என்கிறார் மெக்கானிக், பிறகு எப்படித் தினமும் ஒரே இடத்தில் கொதிக்கிறது என்று முதலாளி கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி இரண்டுமுறை கேட்டார். மூன்றாவது கேள்வி வேறு மாதிரி வந்தது.

“பொம்பளையாள வண்டியில வச்சுக்கிட்டு, நடுக்காட்டுல தெனமும் நிப்பாட்டி, ஒனக்கு அங்கன என்னடா சோலி?”

ஓட்டுநர்களில் ஒருவன் சிரித்தான். இவர் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று வார்த்தையில் தீர்ந்துவிடும் விஷயம். அந்த மூன்று வார்த்தை எங்களைப் பற்றியதாக இருந்தது. நாங்கள் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றோம். அத்தனை ஆண்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் அந்த இடத்தில் வெளியே வரக்கூடியதாக இல்லை.

பேச்சியம்மாள் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தார்.

“நாங்க மோளுறதுக்குத்தேன் நிப்பாட்டுனாக. போதுமா?” என்றார். குரலை உயர்த்தவில்லை. “ஒருநா நாந்தேன் சீட்டுல மோண்டுட்டேன். அதுக்கு மக்யா நாளுல இருந்து பேன அமத்திப்புட்டு வண்டியக் கொதிக்க விட்டாக. எங்கள்ல ஒருத்தி கேட்டதில்ல. அவுகளும் ஒரு வார்த்த சொன்னதில்ல. பின்னாடி இருக்க எங்களுக்குச் சத்தம் நிக்கிறது தெரியாதாக்கும்?”

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜீப் முழுக்கத் தெரிந்திருந்தது.

சிரித்தவன் டீ கிளாசைக் கடைக்குக் கொண்டுபோனான். முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சொல்லியிருக்கலாமே, சொன்னால் என்ன, நானும் பொம்பளைப் பிள்ளை பெற்றவன்தானே என்று முணுமுணுத்தார். ஓட்டுநர் மேலிருந்த பழி அந்த நிமிடமே இறங்கிவிட்டது. நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் எங்கள் முகங்களைப் பார்த்தது அந்த ஒருதடவைதான். நன்றியோ கோபமோ அதில் இல்லை. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல நின்றார். பிறகு சாவியை டீக்கடைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். முதலாளி கூப்பிட்டார். மெக்கானிக் கொஞ்ச தூரம் பின்னால் ஓடினார்.

“நல்லது பண்ணுறேன்னு சொல்லி அவுகள அம்மணமா நிறுத்திப்புட்டேனா, ரைட்டரு?” என்று பேச்சியம்மாள் என்னைக் கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் வேறு ஜீப் வந்துவிட்டது.

முதலாளி ஆள் அனுப்பினார், பிறகு தானே ஓட்டுநர் வீட்டுக்குப் போனார். வரமாட்டாக என்று அவர் மனைவி வாசலிலேயே சொல்லிவிட்டார். திராட்சை ஏற்றுகிற லோடு வண்டி ஓட்டுகிறார், சின்னமனூர்ப் பக்கம் இருக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். ஆள் ஏறாத வண்டி. கடைவீதியில் பேச்சியம்மாள் அவரை ஒருமுறை கண்டிருக்கிறார். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார் என்று நினைக்கவே பாவமாக இருந்தது என்றார்.

ஜீப்பைச் சரிசெய்து கொண்டுவந்தார்கள். புது ஓட்டுநர் நல்ல மனிதர், நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன், பேச்சுக்குப் பேச்சு அக்கா போடுகிறவர். அந்த வளைவில் தினமும் நிறுத்த வேண்டும் என்று முதலாளி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாள் ஓரங்கட்டியதும் பின்பக்கம் முழுசாகத் திரும்பினார்.

“எறங்குறவுக எறங்கிப் போயிட்டு வாங்க. மொதலாளி சொல்லியிருக்காக. செத்த நேரம் நிக்கும்.”

யாரும் இறங்கவில்லை. சிலர் மடியில் இருந்த சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“என்னக்கா, யாருக்கும் வரலையா? அப்ப எடுக்கட்டுமா?”

“வண்டி சூடாயிருக்கும்ப்பா” என்றார் பேச்சியம்மாள்.

“சூடெல்லாம் இல்லக்கா. பேனு ஓடுதுல்ல. முள்ளு கீழதேன் நிக்குது, பாருங்க.”

“சூடாத்தேன் இருக்கும். எறங்கிப் பாரு.”

அவர் என்னைப் பார்த்தார். நானும், சூடாகத்தான் இருக்கும் என்றேன். ஒன்றும் புரியாமல் இறங்கிப்போய்ப் பானட்டைத் தூக்கினார். பின்கதவு திறந்தது. நாங்கள் திரும்பி வருகிறவரை, ஒரு குறையும் இல்லாத அந்த எஞ்சினை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.